ஏற்காட்டு ஓட்டு வீடு: குளிருக்கு விறகு அடுப்பா, கரண்ட் ஹீட்டரா?

நாகலூர்_ஓட்டுவீடு கேட்டது:

வணக்கம். நாகலூர் பக்கம் பழைய எஸ்டேட் வீடு. ஹால் 12க்கு 14 அடி, மங்களூர் ஓடு, சீலிங் கிடையாது. பின்னால் சேர்த்துக் கட்டிய படுக்கையறைகள் இரண்டு, தலா 10க்கு 12, கான்கிரீட் தளம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எழுபது தாண்டிய பெரியவர்கள் இருவர் தங்குவார்கள். ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது. குளிரைவிட ஈரம்தான் தொல்லை: பீரோ துணியெல்லாம் பூஞ்சை.

ஹாலில் வெள்ளைக்காரன் காலத்து திறந்த கணப்பு இருக்கிறது. பற்றவைத்தால் புகை பாதி வீட்டுக்குள் திரும்புகிறது. விறகுக்குக் குறைவில்லை, சில்வர் ஓக் கிளையும் காபிச் செடி வேர்க்கட்டையும் கிடைக்கும். கரண்ட் சிங்கிள் ஃபேஸ். சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கும், காற்று மழை என்றால் மரக்கிளை விழுந்து லைன் போய்விடும்.

கணப்பைச் சரிசெய்வதா, இரும்பு அடுப்பு வைப்பதா, ஹீட்டர் வாங்குவதா? படுக்கையறையில் குமுட்டி அடுப்பில் கரி போட்டு வைத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா?

---

கரியும்_காற்றும் பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில். மூடிய அறையில் கரி வைக்கவே கூடாது. விறகாவது புகைந்து கண்ணைக் கரித்து எச்சரிக்கும். கங்கு அப்படியல்ல. புகை நின்று சிவந்து கனியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு நிறைய வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று வரும். படுத்திருப்பவர் அதைத் தூக்கம் என்றே நினைத்துக்கொள்வார். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. மூடுபனி ராத்திரியில் காற்றே அசையாது.

சிலிண்டரில் எரியும், புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரும் உங்களுக்கு வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அறைக்குள்ளேயே இறங்கும். பூஞ்சைக்கு நீங்களே தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

எந்த அடுப்பு வைத்தாலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஹாலில் ஒன்று, படுக்கையறை வாசலில் ஒன்று மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. கேட்டு வாங்குங்கள்.

---

வெப்பக்கணக்கு பதில்:

எதை வாங்குவது என்பதற்கு முன் எவ்வளவு சூடு தேவை என்று பார்க்கலாம். வெளியே 12, உள்ளே 20, வித்தியாசம் 8 டிகிரி.

படுக்கையறை: வெளிப்பக்கம் இரண்டு சுவர், 9 அங்குலச் செங்கல் என்று வைத்தால் சுமார் 300 வாட் போகும். கான்கிரீட் தளம் வழியாக 270. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 90. இடுக்கு வழியாகக் காற்றோடு 90. மொத்தம் 750 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி அளவுதான்.

ஹால்: சுவரும் ஜன்னலும் 500 வாட் சொச்சம். ஓடு மட்டும் 850க்கு மேல் விழுங்கும். ஓட்டுச் சந்தில் போய் வரும் காற்று இன்னொரு 500, 600. ஆக 2,000 வாட். இதில் முக்கால் பங்கு கூரை வழியாகப் போவது. கைமரத்துக்குக் கீழே ஃபைபர் சிமெண்ட் போர்டு சீலிங் அடித்து, அதன் மேல் 50 மில்லிமீட்டர் ராக்வுல் (கல் நார் மெத்தை) விரித்து, சுவரோரச் சந்தை அடைத்துவிட்டால் இதே ஹாலுக்கு 700, 750 வாட் போதும். ஆகவே முதல் செலவு சீலிங்கில். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்றோட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ரீப்பர் உளுத்துப்போகும்.

ஈரத்துக்கும் இதே கணக்குதான். 12 டிகிரியில் நூறு சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டு தண்ணீரை எடுக்காமலேயே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு வந்துவிடும். துணி நனைந்த மாதிரி இருப்பது நின்றுவிடும். ஆனால் ஹாலை மட்டும் சூடாக்கிப் படுக்கையறையைக் குளிரவிட்டால், ஹாலின் ஈரக் காற்று அங்கே போய் குளிர்ந்த சுவரில் வேர்க்கும். பீரோவை வெளிச் சுவரிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளி வையுங்கள்.

இப்போது பில். ஒரு படுக்கையறைக்கு 750 வாட், ராத்திரி 8 மணி நேரம் என்றால் 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 360. சாதாரண வீட்டுச் செலவு 250 யூனிட் என்றால் மொத்தம் 610. நம் மின் கட்டணத்தில் 500 என்பதுதான் கோடு. அதைத் தாண்டினால் 101 முதல் 200 வரை உள்ள சலுகை விலை போய்விடும், மேலே உள்ள யூனிட்டுகளும் எட்டு ரூபாய்க்கு மேல் ஏறும்.

அதே சூட்டை ஹாட் அண்ட் கோல்டு இன்வெர்ட்டர் ஏசியில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு கரண்ட் போதும். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இறைத்து உள்ளே விடுகிறது, கம்பியைப் பழுக்கவைப்பதில்லை; ஹீட் பம்ப் என்பது இதுதான். 360 என்பது 120 ஆகும், மொத்தம் 370, கோட்டுக்குக் கீழே. ஊட்டி மாதிரி உறைபனி விழும் இடத்தில் வெளி யூனிட் பனி பிடித்து அடிக்கடி நின்று நின்று ஓடும். ஏற்காட்டில் 12 டிகிரிக்கு அந்தச் சிக்கல் பெரிதாக வராது. சொல்லப்போனால் ஹீட் பம்புக்கு என்றே அமைந்த குளிர் இது.

விறகு: நன்றாகக் காய்ந்தது கிலோவுக்கு சுமார் 4 யூனிட் சூடு தரும். கதவு போட்ட இரும்பு அடுப்பில் அதில் 60, 70 சதவீதம் அறைக்கு வரும், திறந்த கணப்பில் 10, 15 சதவீதம்தான். சீலிங் இல்லாத உங்கள் ஹாலுக்கு 5 மணி நேரத்துக்கு 10 யூனிட் சூடு வேண்டும். இரும்பு அடுப்பில் 4 கிலோ, கணப்பில் 16 கிலோவுக்கு மேல். அதிலும் கணப்பு அறைக் காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே தள்ளுவதால் படுக்கையறைக்கு வெளிக் குளிரைக் கூட்டிவரும்.

---

அஸ்தம்பட்டி_வயரிங் பதில்:

மேல சொன்ன கணக்கு சரிங்க. ஆனா 180 வோல்ட்ட கணக்குல எடுக்கல. ஹீட்டர்ல வோல்டேஜ் குறைஞ்சா சூடு அதே விகிதத்துல குறையாது, அதைவிட வேகமாக் குறையும். 2,000 வாட் ஹீட்டர் 180 வோல்ட்ல 1,225 வாட்தான் தரும். "ஹீட்டர் டூப்ளிகேட்"னு கடைக்காரரோட சண்டை போடறதுல பாதி இந்தக் கதைதான். இன்வெர்ட்டர் ஏசி குறைஞ்ச வோல்ட்லயும் சமாளிச்சு ஓடும், ஆனா எத்தனை வோல்ட் வரைக்கும்னு மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில எழுதியிருக்கறதப் பார்த்து வாங்குங்க. 160 வரைக்கும் தாங்காத மாடலா இருந்தா ஸ்டெபிலைசர் வேணும்.

ஏசி வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. "ஹாட்"னு போட்டு உள்ள வெறும் ஹீட்டர் காயில் வெச்ச மாடல் இருக்கு. அது கரண்ட்ட அப்படியே தின்னும். ரிவர்ஸ் சைக்கிள், ஹீட் பம்ப்னு இருக்கணும். ரிமோட்ல "டிரை" மோடு இருந்தா அது சூடு இல்ல, அதுவும் கூலிங்தான். உள் யூனிட்ட ஏழு அடிக்கு மேல மாட்டுவாங்க, சூடு மேலயே நிக்கும், அதனால பிளாப்ப முழுக்கக் கீழ் நோக்கித் திருப்பி விடுங்க. சூடு ஓடும்போது தண்ணி வெளி யூனிட்ல இருந்துதான் சொட்டும். அதுக்கு வழி வெச்சு மாட்டச் சொல்லுங்க, நடைபாதைக்கு மேல வேண்டாம், பாசி பிடிச்சு வழுக்கும்.

சாதா ஹீட்டர்தான்னா பெரியவங்க அறைக்கு ஆயில் ரேடியேட்டர். சத்தம் இல்ல, கம்பி வெளிய தெரியாது, போர்வை பட்டாலும் உடனே பத்திக்காது. ஆனாலும் மேல துணி காயப்போடக் கூடாதுங்க. ஃபேன் ஹீட்டர் பத்து நிமிஷத்துல சூடு ஏத்தும், துணி மாத்தற நேரத்துக்குச் சரி, ராத்திரி முழுக்க ஓட்டற சாமான் இல்ல. ஹாலஜன் எதிர்ல உக்காந்தவங்களுக்கு மட்டும் சுடும், முதுகு குளிரும்.

வயரிங்: 2,000 வாட்டுன்னா 8.7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுலயும் சொருகாதீங்க. 16 ஆம்பியர் சாக்கெட், போர்டுல இருந்து தனியா 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினா தானா விழற சுவிட்ச்). ஏசிக்கு 4 ஸ்கொயர் போட்டுடுங்க. பிளக் உருகறது ஹீட்டர் கோளாறு இல்ல, சாக்கெட்டோட பித்தளை நாக்கு தளர்ந்து பிடி விட்டதால அந்த இடம் மட்டும் பழுக்கும். அரை மணி ஓட்டிட்டு பிளக்க தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியலன்னா சாக்கெட்ட மாத்தணும்.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே வெட்டற சுவிட்ச்) கட்டாயம். மலை வீட்டுல ஒரு வேடிக்கை: ஆறு மாசம் மூலையில கிடந்த ஹீட்டரப் போட்டதும் ஆர்சிசிபி விழும். கம்பியச் சுத்தி உள்ள வெள்ளப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு, அது ஈரத்த உறிஞ்சிக்கும். ஹீட்டர ரெண்டு மூணு நாள் வெயில்லயோ அடுப்படிச் சூட்டுலயோ காயவெச்சுப் போடுங்க. அப்பவும் விழுந்தா எலிமென்ட் போச்சு. ஆர்சிசிபியக் கழட்டிட்டு நேரா இணைக்கறவங்கள வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

யூபிஎஸ் பேட்டரில ஹீட்டர் ஓடாது. 150 ஏஎச் பேட்டரி முழுசா இருந்தாலும் உருப்படியா எடுக்க முடியறது ஒண்ணேகால் யூனிட் சுத்தி, சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 2,000 வாட்ட இழுக்கவும் இழுக்காது. லைன் போனா உங்களுக்கு விறகுதான் கதி.

---

காபித்தோட்டம் பதில்:

விறகுப் பக்கம் பேச ஆளில்லாததால் நான்.

லைன் இரண்டு நாள் வராத மழையில் மேலே உள்ள கணக்கு எதுவும் உதவாது. ஆகவே ஹாலில் இரும்பு அடுப்பு ஒன்று வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பெரிதாக வாங்காதீர்கள். கிடைப்பதில் சிறியது, 3, 4 கிலோவாட். பெரிய அடுப்பு வாங்கி அரை மணியில் வியர்த்துப்போய் காற்றுத் திருகை மூடி விறகைப் புழுங்கவிடுவார்கள். புழுங்கும் விறகு தார் கக்கும். அந்தத் தார் குழாய்க்குள் படிந்து ஒருநாள் தீப்பிடித்தால் குழாயே செக்கச் சிவக்கும், மேலே இருப்பது ஓட்டுக் கைமரம். எரித்தால் கொழுந்துவிட்டு எரிய வேண்டும், ஒரு மணி எரித்து அணையவிட வேண்டும். சூட்டைப் பிடித்துவைக்க அடுப்பின் மூன்று பக்கமும் கையளவு இடைவெளி விட்டுச் செங்கல் சுவர் எழுப்புங்கள். நூறு செங்கல் 300 கிலோ வரும், அது 30 டிகிரி ஏறினால் இரண்டு யூனிட் சூடு அதில் நிற்கும். தீ அணைந்த பிறகு மெல்ல விடும்.

சில்வர் ஓக் லேசான மரம். சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும், மூட்டுவதற்குச் சரி. காபி வேர்க்கட்டை கனம், நின்று எரியும், ஆனால் உள்ளே மண் ஒட்டியிருக்கும், தட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். கீழே இருந்து சவுக்கோ சீமைக் கருவேலமோ ஏற்றிவந்தால் இன்னும் நல்லது, இருபது கொண்டை ஊசி ஏற்றும் லாரி வாடகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தத் தோட்டமானாலும் நின்ற மரத்தை வெட்டும் முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள், மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955இல் போட்ட சட்டம் இருக்கிறது. கவாத்தில் விழுந்ததை எரிக்கவே நான்கு மாதம் பற்றாது.

உங்கள் ஊரில் விறகு தோற்பது மரத்தால் அல்ல, ஈரத்தால். பச்சை விறகு 10 கிலோவில் 5 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்கவே 3 யூனிட்டுக்கு மேல் சூடு வீணாகும், மிச்சச் சூட்டில் புகைக்குழாய் சரியாக இழுக்காது, தார் வேறு. ஜனவரியில் வெட்டி, 12 அங்குல நீளம், மூன்று நான்கு அங்குலக் கனமாகப் பிளந்து, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயைப் போட்டு முழுக்க மூடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு, உள்ளேயே வேர்த்துக் காளான் பூக்கும். ஜூன் மழைக்கு முன் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் வெளிக்காற்றில் காயக்கூடியது காய்ந்துவிட்டது. ஈரமானி இருந்தால் பிளந்த உள்முகத்தில் குத்திப் பாருங்கள், 20க்குக் கீழே இருக்க வேண்டும். அடுப்புக் கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம், அல்லது காற்றுப் போதவில்லை. துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்தும் உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் கூடையில் அள்ளித் திண்ணையில் வைத்தால் திண்ணை போய்விடும்.

---

கொத்து_வேலை_சேலம் பதில்:

குழாய் பற்றி யாரும் சொல்லவில்லை. அடுப்பைவிட அதுதான் வேலை.

6 அங்குலம், 304 கிரேடு எவர்சில்வர் தகடு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டாம், அந்தப் பூச்சு சூட்டில் போய் துருப்பிடித்துவிடும். பைப் இணைப்பில் சிறுத்த முனை கீழ்நோக்கிச் செருகியிருக்க வேண்டும். அப்போதுதான் வழியும் தார் குழாய்க்குள்ளேயே இறங்கும். பல பேர் தலைகீழாக மாட்டிவிட்டுச் சுவரெல்லாம் கறுப்புக் கோடு என்கிறார்கள். மொத்த உயரம் 15 அடிக்குக் குறையக் கூடாது. கூரையைத் துளைக்கும் இடத்துக்கு மேல் 3 அடி, பக்கவாட்டில் 10 அடிக்குள் இருக்கும் முகட்டைவிட 2 அடி உயரம். வெளியே 12 டிகிரிதான் என்பதால் இழுவை குளிர்நாட்டு அளவு வராது, அதனால் வளைவைக் குறைத்து நேராக ஏற்றுங்கள். ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் கைமரம், ரீப்பருக்கும் நடுவில் 18 அங்குலம். ஓட்டுக் கூரையில் அவ்வளவு இடம் விட முடியாது, ஆகவே கூரையைக் கடக்கும் பகுதிக்கு மட்டும் நடுவில் ராக்வுல் அடைத்த இரட்டைத் தகட்டுக் குழாய் போடுங்கள். அதற்கும் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளி உண்டு. நீங்கள் போடப்போகும் சீலிங்குக்கும் இதே விதி.

உங்களிடம் பழைய புகைபோக்கி இருப்பதால் கூரையைத் துளைக்கவே வேண்டாம். குழாயை அதற்குள்ளேயே உச்சிவரை விட்டு, கீழே கழுத்தில் தகடு வைத்து அடைத்துவிடலாம். உச்சி மூடியில் பறவை வலை போட்டால் கண் பெரிதாக, முக்கால் அங்குலமாவது இருக்கட்டும். சிறிய கண் தாரில் அடைந்துவிடும்.

சேலத்துக்காரர்கள் செய்யும் தப்பு ஒன்று. ஊரில் மேக்னசைட் கிடைக்கிறது என்று மேக்னசைட் செங்கல்லை அடுப்புக்குள் வைக்கிறார்கள். அது உருக்கு உலைக்கு. சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், திடீரென்று சூடேறி ஆறினால் வெடிக்கும், ஈரத்தில் பொருமும். வீட்டு அடுப்புக்குச் சாதாரண ஃபயர் பிரிக்கும் ஃபயர் கிளேயும் போதும். சிமெண்ட் கலவை தீ படும் இடத்தில் ஒரு சீசன் தாங்காது.

---

நாகலூர்_ஓட்டுவீடு பதில்:

மிக்க நன்றி. கரி யோசனையை விட்டுவிட்டேன். இந்த வருஷம் எல்லாம் செய்யக் கைவசம் பணமில்லை. முதலில் எது? இன்னொன்று, கணப்பை இன்று அளந்தேன்: வாய் 34 அங்குல அகலம், 28 உயரம். புகைபோக்கி உள்ளளவு 9க்கு 9.

---

வெப்பக்கணக்கு பதில்:

பெரியவர்கள் தூங்கும் ஒரே ஒரு அறைக்கு ஹீட் பம்ப் ஏசி. அடுத்து ஹால் சீலிங். இரும்பு அடுப்பு அடுத்த வருஷம் பார்க்கலாம், இந்த ஜனவரியிலேயே விறகைப் பிளந்து அடுக்கத் தொடங்கினால்தான் அப்போது எரிக்க முடியும். ஏசியை 20க்குப் பதில் 18இல் வைத்து ஒரு கம்பளி சேர்த்தால் செலவு இன்னும் கால் பங்கு குறையும். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மீட்டர் ஒன்றை பீரோவுக்குள் வையுங்கள். 65க்குக் கீழே நின்றால் பூஞ்சை அடங்கும்.

---

கொத்து_வேலை_சேலம் பதில்:

அளவிலேயே தெரிகிறது புகை ஏன் திரும்புகிறது என்று. புகைபோக்கியின் குறுக்குப் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். உங்கள் வாய் 952 சதுர அங்குலம், அப்படியானால் 95 வேண்டும், இருப்பது 81. வாயை 24 அங்குல உயரத்துக்குக் குறைத்தால் 816, சரியாகப் பொருந்தும்.

முதலில் ஒரு தகரத்தை வாயின் மேல்விளிம்பில் பிடித்து, புகை நிற்கும்வரை கீழே இறக்கிப் பாருங்கள். நான்கு அங்குலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த அளவுக்கு 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வெட்டி, இரண்டு ஓரமும் ஆங்கிள் வைத்துத் திருகிவிடுங்கள், சாந்து பூச வேண்டாம், அடுத்த வருஷம் இரும்பு அடுப்பு உள்ளே போகக் கழற்ற வேண்டியிருக்கும். மூட்டும் முன் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி புகைபோக்கிக் கழுத்தில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். உள்ளே உறைந்து நிற்கும் குளிர்காற்று மேலேறினால்தான் புகை அதன் பின்னால் போகும். எரிக்காத நாளில் கழுத்தில் பலகை வைத்து அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஏசியின் சூடு அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். பலகையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வெளியே தொங்கவிடுங்கள், எடுக்காமல் தீ மூட்டிவிடக் கூடாது.